ஈரம் தெரியாத வேலை

“டாக்டர், எங்கப்பா பேண்டைத் தொட்டுப் பாருங்க.”

சொல்லிவிட்டாள். எதைச் சொல்லக் கூடாது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓதினாளோ, அதையே சொல்லிவிட்டாள். “ரத்த ரிப்போர்ட்டை நீட்டு. அவர் சொல்றதைக் கேட்டுக்கோ. அதோட எந்திரிச்சு வந்துடு. அந்த விஷயத்தைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது, பொம்பளப் புள்ள.” அவளும் ம் கொட்டிக்கொண்டுதான் வந்தாள். அவள் ம் கொட்டினால் அது சம்மதம் இல்லை, அலுப்பு என்பது பெற்றவளுக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நல்ல மனிதர்தான். புராஸ்டேட்டில் வந்த கேன்சரை அறுத்தெடுத்து அப்பாவைப் பிழைக்க வைத்தவர். இப்போதும் ரிப்போர்ட்டைப் பார்த்து, “சுத்தமா இருக்கு, இனி ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்” என்று நல்ல செய்திதான் சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, “வேற ஏதாவது தொந்தரவு?” என்றார். “ஒண்ணும் இல்லைங்க டாக்டர். உங்க புண்ணியத்துல நல்லாயிருக்கேன்” என்றார் அப்பா. ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பதில். கேட்கிறவருக்கு அவசரம், வெளியே இன்னும் இருபது பேர். சொல்கிறவருக்கும் அவசரம். நாற்காலியை விட்டு எழுந்தால் அப்பாவுக்குக் கசிந்துவிடும். கசிந்தது வெளியே தெரிவதற்குள் அறையைத் தாண்டிவிட வேண்டும்.

அப்படித்தான் எழுந்தார். எழுந்ததும் கையிலிருந்த ஸ்கேன் உறையை எடுத்து முன்பக்கம் பிடித்துக்கொண்டார். பெரிய பழுப்பு உறை, ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அதற்குள் ஸ்கேன் எதுவும் கிடையாது, வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வெறும் உறையை மட்டும் அவர் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகிறார். முடி வெட்டிக்கொள்ளக்கூட அதோடுதான் போனார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், வாழ்நாளெல்லாம் கனமான தரை பாலிஷ் மெஷினைத் தள்ளி உரம் ஏறிய கைகள், ஒரு காகித உறையை அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். அதுதான் வார்த்தையாக வெளியே விழுந்தது.

“என்னம்மா சொல்றீங்க?”

“மூத்திரம் நிக்கலை டாக்டர். ஆபரேஷன் ஆனதிலேர்ந்து நிக்கலை. எந்திரிச்சா வருது, இருமினா வருது, சிரிச்சா வருது. உங்ககிட்ட பொய் சொல்றார்.”

அம்மா அவள் இடுப்பில் கிள்ளினாள். சதையோடு சேர்த்து நன்றாகவே கிள்ளினாள். அப்பா யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போனார். வாசலில் நின்றிருந்த அடுத்த நோயாளி ஒதுங்கி வழிவிட்டார். ஒதுங்கும்போது அவர் பார்வை அப்பாவின் முகத்தில் இல்லை.

டாக்டர் பேனாவை மூடினார். “எட்டு மாசம் ஆச்சே. டிஸ்சார்ஜ் அன்னைக்கே பயிற்சி சொல்லிக் குடுத்திருப்பாங்களே, செய்யறாரா?”

“என்ன பயிற்சி?”

பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் பதில் சொன்னாள். “நான்தான் சொன்னேன். பேஷண்ட் அன்னைக்கு மயக்கமா இருந்தார்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். ஒண்ணொண்ணா சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாரே.”

அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு கணம்தான்.

“இது வர்றதுதாம்மா,” என்றார் டாக்டர். “அந்த இடத்துல கத்தி வச்சா, மூடித் திறக்கிற தசை அசந்துபோயிடும். அதைச் சுத்தி இருக்கிற தசைக்கு வேலை குடுத்து எழுப்பணும். நிறையப் பேருக்கு அதிலேயே சரியாயிடும். ஆகலைன்னா அதுக்குன்னு வேற வழி இருக்கு, சின்ன ஆபரேஷன்கூட இருக்கு. அது அப்புறம். முதல்ல கீழ பிசியோதெரபிக்கு எழுதித் தர்றேன். தண்ணி நல்லா குடிக்கறாரா?”

“குடிச்சாதானே வரும்னு குடிக்கறதே இல்லை.”

“அது ரொம்பத் தப்பு. தண்ணி குறைஞ்சா மூத்திரப் பை இன்னும் எரிச்சலாகும். கனம் ஏதும் தூக்கக் கூடாது. வேலைக்குப் போறாரா?”

“சும்மா மேற்பார்வைதாங்க,” என்றாள் அம்மா. “சைட்ல உக்காந்துட்டு வர்றார்.”

*

பஸ்ஸில் பாதி இருக்கை காலி. அப்பா உட்காரவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உறையை முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். அவளும் பக்கத்தில் போய் நின்றாள். இறங்குகிற இடம் வருவதற்குச் சற்று முன்னால், ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “இதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சேனா?”

அவளிடம் பதில் தயாராக இருந்தது. படிக்க வைத்தது இதற்குத்தான். எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டின் கண்ணும் வாயும் அவள்தான். மாத்திரை அட்டையா, அவளிடம் காட்டு. கதவில் எவனோ ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பா, அவளைக் கூப்பிடு. வங்கியில் யாரிடம் என்ன கேட்பது, அவள் போய்க் கேட்கட்டும், அவள்தான் படிச்சவ. அப்பாவின் சதைப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தபோதும் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று பிரித்துப் படித்தவள் அவள்தான். மூன்று முகமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, கேன்சர் என்று சொன்னவளும் அவள்தான். கேன்சரை ஒரு பெண்பிள்ளை தன் வாயால் சொல்லலாம். மூத்திரத்தைச் சொல்லக் கூடாது.

இறங்கினார்கள். பதில் சொல்லக்கூட அன்றைக்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

*

வீட்டில் அம்மா தலையணை உறை தைக்கிறாள். கடையிலிருந்து கட்டுக்கட்டாகத் துணி வரும், மீதித் துண்டுகள் அம்மாவுக்கு. அந்தத் துண்டுகளை மடித்து அடுக்கித் தைத்துத்தான் அப்பாவுக்குத் துணி. கடைக்காரருக்குப் பூப்போட்ட துணிதான் பிடிக்கும் என்பதால் எல்லாமே பூ. மஞ்சள் பூ, ஊதாப் பூ, கொடியோடு சேர்ந்த சிவப்புப் பூ. தரை பாலிஷ் போடும் ஆட்களுக்குள் ‘பளபளா’ என்று பேர் வாங்கிய மனிதர், எட்டு மாதமாக உள்ளே பூப்போட்டுக்கொண்டு நடக்கிறார்.

துவைத்த துணியைக் கொடியில் போட்டு, மேலே பெரிய துண்டை விரித்து மூடிவிடுவாள் அம்மா. இந்த வித்தையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று முதல் நாளே மகள் யோசித்தாள். பார்த்ததென்ன, பழகியதுதான். பதின்மூன்று வயதில் அவளுக்கு இதே கொடியில், இதே மாதிரி, இப்படித்தான் மறைத்துக் காயப்போடணும் என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைப் பார், எழுந்த பிறகும் பார், வெளுத்த நிறம் போடாதே, பின்பக்கம் யாரும் வராமல் நட. எல்லாம் அதே பாடம். இந்த வீட்டில் முதன்முறையாக ஓர் ஆண் அதைப் படிக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை.

சிரிப்பு என்றதும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் சிரிப்பு என்றால் அப்பாதான். மூன்றாவது வீட்டுக்காரர் ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பார். தானே ஒன்றைச் சொல்லி, முடிக்கும் முன்னால் தானே சிரித்து, கண்ணில் தண்ணீர் விட்டு, கேட்கிறவர்களை அந்தச் சிரிப்பாலேயே சிரிக்க வைப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாள் சீட்டாட்டக் கூட்டாளிகள் பார்க்க வந்தார்கள். யாரோ ஏதோ சொன்னார்கள். அப்பா அடித்தொண்டையில் ஆரம்பித்தவர் பாதியில் முகம் மாறி எழுந்து உள்ளே போனார். அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை. சோபாவில் உட்கார்வது அன்றோடு நின்றது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டுக்கொண்டார். யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். கொஞ்ச நாளில் வீட்டில் யாரும் வேடிக்கையாகப் பேசுவதில்லை என்று ஆகிவிட்டது.

அன்றிரவு அப்பா உள்ளே போய்ப் படுத்த பிறகு, அண்ணன் கடையை மூடிவிட்டு வந்தான். செல்போன் ரிப்பேர் கடை. கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

“நர்ஸ் உன்கிட்ட சொன்னாங்களாமே.”

“என்ன?”

“தெரியாத மாதிரி கேக்காத. டிஸ்சார்ஜ் அன்னைக்கு.”

அண்ணன் தட்டைப் பார்த்தான். “சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“இப்ப எதுக்கு அது? அம்மா இருக்காங்க.”

“அம்மாவுக்குத் தெரியாத சங்கதியா?”

அம்மா கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள். “வாயைக் கழுவிட்டு வாடி முதல்ல.”

“சொல்லு அண்ணா.”

“நான் எப்படிச் சொல்றது?” என்றான். குரல் உடைந்து சின்னப் பையன் குரலாகிவிட்டது. “அப்பா முன்னாடி போய் நின்னு, அப்பா, பின்பக்கத்தை இறுக்குங்க, அப்படியே புடிச்சுக்கோங்க, இப்ப விடுங்க, மறுபடி இறுக்குங்கன்னு... நீ சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“சொல்லுவ, சொல்லுவ. உனக்கென்ன, வெக்கம் மானம் எல்லாத்தையும் காலேஜ்ல விட்டுட்டு வந்துட்ட.”

“அப்ப அப்பாகிட்ட என்னதான் சொன்ன?”

“ரெஸ்ட் எடுங்கப்பான்னு சொன்னேன்.”

எந்தத் தசைக்கு வேலை கொடுக்கச் சொன்னார்களோ அதற்கு எட்டு மாதம் ஓய்வு. அவனைத் திட்டலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவன் அவன். ஆஸ்பத்திரி நடைபாதையில் செய்தித்தாளை விரித்துப் படுத்துக்கிடந்தவன் அவன். ரத்தத்தைக் கொடுத்தவனுக்கு ஒரு வாக்கியத்தைக் கொடுக்க வரவில்லை.

“இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?” என்றாள் அம்மா. “உசுரு பொழைச்சு எந்திரிச்சு வந்திருக்கார். அது பெருசா இது பெருசா? கொஞ்சம் ஈரம். நான் துவைக்கறேன், நான் காயப்போடறேன். உன்னை யாராவது கேட்டோமா? நாலு பேர் முன்னாடி பேண்டைத் தொட்டுப் பாருன்னு சொல்லிட்டியேடி. அவர் இனிமே அந்த டாக்டர் மூஞ்சியில எப்படி முழிப்பார்? போய் அப்பாகிட்ட மன்னிப்புக் கேளு.”

“உசுரோட இருந்தாப் போதுமா? அவர் சிரிச்சு எத்தனை நாளாச்சு, நீ கவனிச்சியா?”

அம்மா கரண்டியைத் தேடி எடுத்தாள். சவர்க்காரத்தில் ஊறிய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. “கவனிக்காம இருப்பேனா,” என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி.

பிறகு, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி, “அந்த வேலை விஷயம் என்னாச்சு?” என்று கேட்டாள். “இவரை இப்படி விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொல்லிடு. அவங்களுக்கு வேற ஆள் கிடைக்கும்.”

வேறோர் ஊரில், மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. அவள் படித்த வேதியியலுக்குக் கிடைத்த முதல் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டாகிவிட்டது. மறுபடி தள்ள முடியாது என்று அவர்கள் மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள்.

“ம்” என்றாள்.

*

மறுநாள் அவள் எழுந்தபோது அப்பா கிளம்பிவிட்டிருந்தார். அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்றுதான் சீக்கிரம் போயிருக்கிறார். பிசியோதெரபிக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதை அவரிடம் சொல்லியாக வேண்டும். சைட்டுக்கே போனாள்.

கட்டி முடியப்போகும் அலுவலகக் கட்டடம். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூன்றாவது மாடிப் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது மெஷின் சத்தம் கேட்டது. அதற்கு மேலே இன்னொரு சத்தம். அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

பழைய சிரிப்பு. அடித்தொண்டையில் ஆரம்பித்து, மேலே போய், மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பிக்கிற அதே சிரிப்பு. அவள் சுவரோரமாக எட்டிப் பார்த்தாள். பெரிய கூடம் முழுக்கத் தண்ணீர். கல்லை அரைத்த பொடி தண்ணீரோடு கலந்து சாம்பல் நிறப் பாலாகக் கணுக்கால் வரை நின்றது. மேற்பார்வையாவது ஒன்றாவது. அப்பாவேதான் மெஷினைப் பிடித்திருந்தார். அந்த மெஷினைத் தரையில் அழுத்தி நிறுத்தி இடமும் வலமும் ஆட்டுவதற்கு இடுப்பில் வலு வேண்டும், வயிற்றை எக்க வேண்டும். கைப்பிடி அதிர்ந்தால் உடம்பே அதிரும். இன்னொரு கையில் தண்ணீர்க் குழாய். இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தார். அவர் மட்டுமில்லை. எல்லாரும்தான்.

அப்பாவின் கூட்டாளி, எப்போதும் சாம்பல் பூசிய மாதிரி இருப்பதால் எல்லாரும் ‘சிமெண்ட்டு’ என்று கூப்பிடுகிற மாமா, சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். “இன்ஜினியர் வழுக்கி விழுந்தாரே, விழுந்தவரு எந்திரிக்கல. படுத்துக்கிட்டே தரையைத் தடவிப் பாக்குறாரு. பளபளா, நல்லாத்தான்யா போட்டிருக்கேங்கறாரு. எந்த இன்ஜினியர் இப்படிப் படுத்துப் பாத்து சர்டிபிகேட் குடுத்திருக்கான், சொல்லு.”

அப்பா மெஷினை நிறுத்திவிட்டுக் கைப்பிடியில் சாய்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் அவளைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது.

சிமெண்ட்டு மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் டீ சொல்லிட்டு வர்றேன்” என்று, யாரும் கேட்காமலே போய்விட்டார்.

“உங்களைக் கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்.”

“தூக்கலையே. தள்ளுறேன்.”

“அப்பா.”

அவர் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். யோசிக்காமல், பின்னால் பார்க்காமல், சாதாரண மனிதர் உட்கார்வது மாதிரி உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள். உறை அவர் கையில் இல்லை. வாசல் பக்கம் ஆணியில் சாப்பாட்டுப் பையோடு தொங்கியது.

“இங்க எல்லாரும் நனைஞ்சுதாம்மா இருக்கோம்,” என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. “எவன் எதுல நனைஞ்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்? இந்தச் சுண்ணாம்பு வாடையில வேற வாடை எதுவும் எடுக்காது. இருமலாம். சிரிக்கலாம். வீட்டுக்கு வந்தாத்தான் உடம்பைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும்.”

அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும், அந்தச் சாம்பல் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. அவரைக் கெடுப்பதும் இந்த மெஷின்தான், அவரை மனுஷனாக வைத்திருப்பதும் இந்த மெஷின்தான். இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

“அண்ணன்கிட்ட ஒரு பயிற்சி சொன்னாங்களாம். உங்ககிட்ட சொல்ல அவனுக்கு வெக்கமாம்.”

“அவன் எப்படிம்மா சொல்லுவான்? பையன்.”

“நான் சொல்லக் கூடாது, பொண்ணு. அவன் சொல்ல மாட்டான், பையன். அம்மா சொல்ல மாட்டாங்க. நீங்க டாக்டர்கிட்ட சொல்ல மாட்டீங்க. அப்ப யார்தான் சொல்றதுப்பா?”

அப்பா தண்ணீர்க் குழாயை மூடினார்.

“நாலு பேர் இருக்கிற இடத்துல வயித்துக் காத்தை அடக்கறோம்ல, அந்த மாதிரி உள்ள இறுக்கணும். கொஞ்ச நேரம் புடிச்சு விடணும். ஒரு நாளைக்குப் பல தடவை. எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை இறுக்கிட்டு எந்திரிக்கணும், இருமறதுக்கு முன்னாடியும் அப்படித்தான். முறையா எப்படின்னு அவங்க பார்த்துச் சொல்லிக் குடுப்பாங்க. அவ்வளவுதான்.”

“போதும்மா.” அவர் காது சிவந்திருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. தண்ணீரில் கிடந்த சிறு கல்துண்டு ஒன்றைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்தார். “இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. வர்றீங்களா?”

“வர்றேன். ஆனா நீ கூட வா. நீயே பேசிடு. நான் உக்காந்திருக்கேன், நீ எல்லாத்தையும் சொல்லிடு. நேத்து டாக்டர்கிட்ட சொன்னியே, அந்த மாதிரி.”

நேற்று எந்த வாயை மூடச் சொன்னார்களோ அந்த வாய் இன்றைக்கு வேண்டும். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பு முழுக்கக் களைப்பு, மெஷின் ஓடி நின்ற பிறகு காதுக்குள் இரைகிற மாதிரி.

“ம்” என்றாள்.

இறங்கும்போது இரண்டாம் மாடிப் படியில் நின்றாள். மேலே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. போனை எடுத்து ஆய்வகத்தைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை வந்து சேருகிறேன் என்றாள். நிச்சயமாகத்தானே என்று கேட்டார்கள். நிச்சயமாகத்தான் என்றாள்.

*

பிசியோதெரபி அறை கீழ்த்தளத்தின் கோடியில் இருந்தது. சுவரில் கயிறும் கப்பியும், நடுவில் பிடித்து நடக்க இரட்டைக் கம்பி, ஓரத்தில் திரை போட்ட கட்டில்கள். ஒரு வயதான பெண்மணி காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு மேலும் கீழும் தூக்கிக்கொண்டிருந்தார். பிசியோதெரபிஸ்ட் குண்டான, வியர்த்த மனிதர். சட்டைப் பையில் டார்ச், கழுத்தில் அளவு நாடா. பார்த்தால் தையல்காரர் மாதிரி இருந்தார்.

திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“சொல்லுங்க ஐயா. என்ன தொந்தரவு?”

அப்பா மடியில் உறையை வைத்திருந்தார். “முட்டி கொஞ்சம் வலிக்குதுங்க,” என்றார்.

“அப்படியா? இந்தச் சீட்டுல முட்டியைக் காணோமே.” அவர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணில் ஏதோ இருந்தது. “இங்க வர்ற பாதிப் பேருக்கு முதல்ல முட்டிதான் வலிக்கும். பரவாயில்லை. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க.”

“சீட்டுல எழுதியிருக்கே.”

“எழுதினது டாக்டர். அவருக்கா வருது? உங்களுக்கு எப்ப வருது, நிக்கும்போதா, நடக்கும்போதா, அவசரமா வருதா, தெரியாமலே வருதா, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதை வச்சுத்தான் நான் பயிற்சி சொல்லணும். வாராவாரம் மாத்தணும். நீங்க பேசினாத்தான் எனக்கு வேலை.”

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். மாத்திரை அட்டையை நீட்டும்போது பார்க்கிற பார்வை. “நீ சொல்லும்மா. நீதான் நல்லா சொல்லுவ.”

நன்றாகத்தான் சொல்வாள். எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் இருந்தது. எழுந்தால் வருவது, பஸ்ஸில் உட்காராதது, தண்ணீர் குடிக்காதது, பூப்போட்ட துணி, மெஷின். அப்பா கூச்சப்படும் முன்னால் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் அடுத்த வாரமும் சொல்ல வேண்டும், அதற்கடுத்த வாரமும். திங்கட்கிழமை போகிறவள் வெள்ளிக்கிழமைக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு வாரம் வரமுடியாமல் போனால் மறுபடி முட்டி வலிக்கும். மறுபடி, “ஒண்ணும் இல்லைங்க, நல்லாயிருக்கேன்.”

எழுந்தாள்.

“எனக்குத் தெரியாதுப்பா,” என்றாள். “உங்களுக்குத்தான் தெரியும்.”

“என்னம்மா இது? பேசறேன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்த?”

“ம் கொட்டினேன். திங்கக்கிழமை நான் அந்த வேலைல சேர்றேன். போன் பண்ணிச் சொல்லியாச்சு. அம்மாகிட்ட சாயங்காலம் சொல்லிக்கறேன்.”

அப்பாவின் முகம் இறுகியது. பிசியோதெரபிஸ்ட் அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார், சுருட்ட அவசியமே இல்லாத நாடாவை.

“இப்படிப் பாதியில விட்டுட்டுப் போவியா?”

“பாதி வரைக்கும் கொண்டுவந்துட்டேன்பா.”

குரல் கரகரத்தது. அழுகை இல்லை. வெகுநாள் தூங்காத குரல். அவள் குனிந்து அப்பாவின் மடியிலிருந்த உறையை எடுத்தாள். அவர் ஓர் ஓரத்தைப் பிடித்தார். அவள் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அப்படியே நின்றாள். முதலில் அவருடைய கட்டைவிரல் விட்டது, பிறகு மற்ற விரல்கள்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மணல் பையைக் கட்டிய பெண்மணி காலைத் தூக்கியபடியே அவளைப் பார்த்தார். பின்னால் அப்பா தொண்டையைக் கனைத்தார். கனைத்தால் கசியும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கனைத்தார். அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று கேட்பதற்கு அவள் நிற்கவில்லை. நீள நடைபாதை, கோடியில் வெளிவாசல், அதில் பகல். உறை கக்கத்தில் கனமே இல்லாமல் இருந்தது. அவள் நடந்தாள்.